செஞ்சி என்றொரு சொல்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் பேருந்தில் நடத்துநர் 'செஞ்சி, செஞ்சி' என்று குரல் கொடுத்தபோது எங்களுக்கு முன் இருக்கையில் இருந்த வடநாட்டு இளைஞர்கள் இருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தனர். கையில் கோட்டைப் படம் போட்ட வழிகாட்டிப் புத்தகம். விசாரித்தபோது 'கிங்கீ' எப்போது வரும் என்று காத்திருப்பதாகச் சொன்னார்கள். அதுதான் இது என்று விளக்கி அவர்களையும் இறக்கிவிட்டு நாங்களும் இறங்கினோம். தமிழில் மூன்றெழுத்து, ஆங்கிலத்தில் ஆறெழுத்து. இடையில் எத்தனை நாக்குகளில் புரண்டு அந்தச் சொல் இப்படி ஆயிற்று என்ற கேள்வியுடன்தான் அன்று ராஜகிரியின் படிகளில் ஏறினோம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பயணத்திற்குக் கிளம்பும்போதே எங்களிடம் ஒரு விடை தயாராக இருந்தது. அதைப் பாதிக் கட்டுரையாக எழுதியும் வைத்திருந்தோம். அந்த விடை எப்படி உடைந்தது என்பதே இக்கட்டுரை.

முதலில், ஏற்கனவே வழங்கும் விளக்கங்கள். செஞ்சியின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து சி.எஸ். சீனிவாசாச்சாரி எழுதிய ஆங்கில நூல் 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதற்கு முன்னும் பின்னும் பலர் சொல்லிவருபவற்றைத் தொகுத்தால் மூன்று கருத்துகள் தேறும். ஊர்க்காவல் தெய்வமான செஞ்சியம்மனின் பெயரே ஊருக்கு வந்தது என்பது ஒன்று. ஏழு கன்னியரில் ஒருத்தி அவள். ராஜகிரியின் மேல் கோயில் கொண்டிருக்கும் கமலக்கண்ணியம்மனின் உடன்பிறந்தாள் என்று ஊரார் கதை சொல்வர். சிங்கபுரி என்பதே மருவிச் செஞ்சி ஆயிற்று என்பது இரண்டாவது. 'சிருங்கி', அதாவது கொம்புடையது, சிகரமுடையது என்று பொருள்படும் வடசொல்லின் திரிபு என்பது மூன்றாவது.

அம்மன் கதை அழகானது. ஆனால் அது கேள்வியைத் தள்ளிப் போடுகிறதே தவிர விடை சொல்வதில்லை. படவேட்டில் இருப்பவள் படவேட்டம்மன். அவளுக்குச் சென்னையில் எத்தனை தெருக்களில் கோயில் எழுந்தாலும் அவள் படவேட்டம்மன்தான். ஊரின் பெயரை அம்மன் ஏற்பதே நம் நாட்டு வழக்கம். செஞ்சியில் இருப்பவள் செஞ்சியம்மன். அப்படியானால் செஞ்சி எது?

சிங்கபுரி என்னும் விளக்கத்திற்கு வலு அதிகம். இப்பகுதி சோழர் காலத்தில் பல்குன்றக் கோட்டத்துச் சிங்கபுர நாடு எனப்பட்டது. பல்குன்றக் கோட்டம் என்றதும் மலைபடுகடாமும் செங்கண்மாத்து நன்னனும் நம் வாசகர்களுக்கு நினைவு வரும். ஆகவே 'சிங்கம்' இந்த மண்ணின் பழம்பெயரில் உண்டு என்பதில் ஐயமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சிங்கபுரத்திற்கு நேர் வாரிசு ஒன்று இன்றும் உயிருடன் உள்ளது. செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், பாறையைக் குடைந்த பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் சிங்கவரம்தான் அது. சிங்கபுரம் சிங்கவரம் ஆவது காது ஏற்கும் மாற்றம். அதே சிங்கபுரம் பக்கத்திலேயே 'செஞ்சி' என்றும் தேய்ந்தது என்றால், ஒரே விதையில் மாவும் பலாவும் முளைத்த கதையாகிறது.

இன்னொரு சான்றும் இதற்கு எதிராக நிற்கிறது. ஒட்டக்கூத்தர் பாடிய விக்கிரம சோழன் உலாவில், சோழனுக்கு அடங்கிய சிற்றரசர் வரிசையில் செஞ்சிக்குத் தலைவனான காடவன் ஒருவன் வருகிறான். அவனுடைய ஊரின் மதில்வலியும் அங்கே பேசப்படுகிறது. விக்கிரம சோழனின் ஆட்சிக்காலம் 1118 முதல் 1135 வரை. ஆக 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இந்த ஊர் இன்று நாம் சொல்லும் அதே வடிவத்தில் 'செஞ்சி'தான். சிங்கபுரம் என்ற பெயரும் கூடவே வழங்கிற்று. தாயும் மகளுமாக அல்ல, அண்டை வீட்டுக்காரர்களாக.

இந்த உலாச் சான்று இன்னொன்றையும் அசைக்கிறது. செஞ்சியைச் சேர்ந்த நாராயணன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்', ஆனந்தக் கோன் என்னும் இடையர் குலத் தலைவன் புதையல் கண்டெடுத்து, கமலகிரியில் கோட்டை எழுப்பி, அதற்கு ஆனந்தகிரி எனத் தன் பெயரிட்டதாகச் சொல்லும். இக்கதைக்கு வழக்கமாகத் தரப்படும் ஆண்டு 1190 வாக்கில். கோட்டை கட்டிய கோனை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் வருவதற்கு இரண்டு தலைமுறை முன்பே மதிலும் இருந்தது, செஞ்சி என்ற பெயரும் இருந்தது.

இனி எங்கள் 'கண்டுபிடிப்பு'. மதிலுக்குத் தமிழில் எத்தனையோ பெயர்கள். எயில், புரிசை, ஆரை, நொச்சி, சோ என்று நிகண்டுகள் அடுக்கும் அந்த வரிசையில் 'இஞ்சி' என்ற சொல்லும் உண்டு. பதிற்றுப்பத்தில் மலையோடு மாறுபடும் கோட்டை மதிலுக்கு இச்சொல் வருகிறது. பிற்காலத்தில் கம்பரும் இதை ஆண்டார். சந்தையில் வாங்கும் இஞ்சிக்கும் இதற்கும் எழுத்து ஒன்றே தவிர உறவில்லை. செம்மையான இஞ்சி, சிவந்த மதில், ஆகவே செஞ்சி! செம்மண்ணோ செங்கல்லோ கொண்டு காடவர் எழுப்பிய முதல் மதில் சிவந்திருக்கக் கூடாதா? உலாவும் மதிலைத்தானே சொல்கிறது? கோட்டையூருக்கு மதிலால் பெயர், அதுவும் சங்கச் சொல்லால் பெயர். இதைவிட இனிக்கும் விடை வேறென்ன வேண்டும்? நாங்கள் பாதிக் கட்டுரை எழுதி வைத்திருந்தது இதைத்தான்.

அதை முதலில் உடைத்தவர் எங்களுடன் வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ராஜகிரி அடிவாரத்தில் இளநீர்க் கடை முன்பு நின்றிருந்தோம். குலையைக் காட்டி, 'இது என்ன?' என்றார். 'செவ்விளநீர்' என்றோம். 'ஏன் செஞ்ஞிளநீர் இல்லை?' என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். செம்மையின் முன் உயிரெழுத்து வந்தால் செவ் என்றாகும். செவ்விளநீர், செவ்விதழ் என்பது போலச் செவ்விஞ்சி என்றுதான் வரவேண்டும். 'செஞ்' என்பது சகரம் தொடரும்போது தோன்றுவது. செஞ்சடை, செஞ்சுடர், செஞ்சொல் போல. செஞ்சியை அப்படிப் பிரித்தால் செம் என்பதற்குப் பின் எஞ்சுவது 'சி' என்ற ஓரெழுத்து. அதற்குப் பொருளில்லை.

தோற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. பையிலிருந்து அடுத்த அம்பை எடுத்தோம். இது உணவு இஞ்சியைப் பற்றியது. திராவிட மொழியியலாளர் பலரின் கருத்துப்படி, தமிழ் இஞ்சியின் மூல வடிவம் சகரத்தில் தொடங்கியது. சொல்முதற் சகரம் மறைவது நம் மொழியில் புதிதன்று. சிறகு, இறகு என்றும் சிப்பி, இப்பி என்றும் இரட்டையாக இன்றும் நம்மிடம் சொற்கள் உண்டு. அந்தச் சகரத்தோடு கூடிய வடிவம் 'வேர்' என்ற சொல்லோடு சேர்ந்து வடக்கே போயிற்று. பாலியில் 'சிங்கிவேர'. கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்'. லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்திற்கும் போய் 'ஜிஞ்சர்' ஆயிற்று. அரபியில் 'ஜன்ஜபீல்' ஆகித் திருக்குர்ஆனிலும் இடம்பெற்றது. இந்த ஒரே சொல்லின் பயணத்தைப் பற்றி ஆலன் ராஸ் என்ற ஆங்கில அறிஞர் 1952-இல் தனிநூலே எழுதினார். தமிழில் சகரம் போகாதிருந்தால் நாம் இஞ்சியை 'சிஞ்சி' என்று சொல்லிக்கொண்டிருப்போம்; சிஞ்சிக்கும் செஞ்சிக்கும் ஒரு மூச்சு தூரம்தான் என்று வாதாடினோம்.

ஆசிரியர் இளநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: 'மதில் இஞ்சி வேறு, கறி இஞ்சி வேறு என்று நீங்கள்தானே இப்போது சொன்னீர்கள்? சகரம் இருந்தது கறி இஞ்சிக்கு. உங்களுக்கு வேண்டியது மதில். இரண்டையும் கலந்தால் குழம்பு வைக்கலாம், கட்டுரை எழுத முடியாது.'

ஆனாலும் அந்த இஞ்சி வழியிலேயே எங்களுக்கு ஒரு பயன் கிடைத்தது. வடமொழி இச்சொல்லை 'சிருங்கவேர' என்று ஆக்கிக்கொண்டது. கிழங்கு கொம்பு போலக் கிளைத்திருப்பதால் 'கொம்பு உடல் கொண்டது' என்று பொருளும் சொன்னது. கடன் வாங்கிய சொல்லுக்குத் தன் வீட்டுச் சட்டையை மாட்டிவிடும் வேலை இது. 'சிருங்கம்' என்ற அதே கொம்பைத்தான் செஞ்சி என்ற ஊர்ப்பெயரிலும் 'சிருங்கி' என்று கண்டார்கள். ஒரு முறை கிழங்கில், ஒரு முறை மலையில். இரண்டிலும் கொம்பு இருந்தது பார்த்தவர் கண்ணில். 'செம் இஞ்சி' என்று நாங்கள் செய்ததும் இதேதான், சட்டை மட்டும் தமிழ்ச் சட்டை.

இந்த ஊகங்கள் அனைத்தையும் ஒரு ரயில் நிலையம் கலைத்துப் போடும். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் வழியில் கடம்பத்தூரைத் தாண்டினால் 'செஞ்சி பானம்பாக்கம்' என்று ஒரு சிறு நிலையம். திருவள்ளூர் மாவட்டத்துச் சமவெளியில் இன்னொரு செஞ்சி! அங்கே பெயர்பெற்ற கோட்டை கிடையாது. சிருங்கி எனச் சொல்லும்படி கொம்பு நீட்டிய மலையும் இல்லை. சிங்கபுர நாடும் அதுவன்று. ஒரே பெயர் இரண்டு ஊர்களுக்கு இருக்கும்போது, ஒன்றின் மலையையும் மதிலையும் காட்டிப் பெயருக்குக் காரணம் சொல்வது எப்படிப் பொருந்தும்? செடியோ நீரோ மண்ணோ, இரண்டு ஊருக்கும் பொதுவான ஏதோ ஒன்றைக் குறித்த சொல்லாக அது இருந்திருக்கக்கூடும் என்பது மட்டுமே நம் துணிபு. அதற்கு மேல் போக மாட்டோம். சூடு கண்ட பூனைகள் நாங்கள்.

பொருள் தெரியாத இந்தச் சொல்லோடு, பொருள் தெளிவான பெயர்கள் பல மோதிப் பார்த்தன. நாயக்கர் காலத்தில் இவ்வூருக்குக் கிருஷ்ணபுரம் என்று பெயர் வைத்தார்கள். வடக்கு மலைக்கு இன்றும் கிருஷ்ணகிரி என்றே பெயர். ஊர் அன்று சிறியதன்று. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த ஏசுசபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமென்டா, லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலின் எந்த நகரையும் விட இது பெரியது என்று எழுதி வைத்தார். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் கோட்டையைப் பிடித்த பீஜப்பூர்க்காரர்கள் 'பாதுஷாபாத்' என்றார்கள். பாதுஷா வாழும் ஊர் என்று பொருள், ஆனால் பாதுஷா பீஜப்பூரில் இருந்தார்.

1677-இல் சிவாஜி கைப்பற்றிய பின் மராட்டிய ஏடுகளில் இது 'சந்தி', 'சிந்தி' என்றெல்லாம் வருகிறது. மராட்டியர் புதுப்பெயர் வைக்கவில்லை, இருந்ததைத் தம் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் 1689-இல் தக்காணத்திலிருந்து தப்பி வந்து இங்கே அரசு நடத்தியபோது மராட்டியத்தின் தலைநகரமே இந்தத் தமிழ் ஊர்தான். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய படை 1690-இல் முற்றுகையைத் தொடங்கிற்று. கோட்டை விழுந்தது 1698-இல். ராஜாராம் அதற்குமுன்பே நழுவிவிட்டார். எட்டு ஆண்டுகள் அடிவாரத்தில் கிடந்த சேனாபதி சுல்பிகர் கானுக்கு நஸ்ரத் ஜங் என்ற பட்டம் உண்டு. அதை வைத்துக் கோட்டைக்கு 'நஸ்ரத்கட்' என்று பெயராயிற்று. நஸ்ரத் அரபிச் சொல், கட் இந்திச் சொல். பொருள் வெற்றிக்கோட்டை. கைக்கு வராத கோட்டைக்காக எட்டு ஆண்டு காத்திருந்தவர்கள் வைத்த பெயர் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது.

ஐரோப்பியர் எழுதியது காதில் விழுந்ததை. ஆங்கிலேயரின் பழைய ஏடுகளில் 'செங்கே', 'சிஞ்சீ' என்பன போன்ற வடிவங்கள் உண்டு. அவற்றின் முதலெழுத்து நம் வல்லின 'ச்' ஒலிக்கு உரியது. இன்று நம்மில் பலர் இவ்வூரை 'ஸெஞ்சி' என்று மெல்லத் தொடங்குகிறோம். அன்று அவர்கள் காதில் விழுந்தது அழுத்தமான 'ச்செஞ்சி'. போர்ச்சுகீசியரும் பிரெஞ்சுக்காரரும் 'ஜி' என்னும் எழுத்தை வைத்து எழுதினார்கள். அவர்கள் மொழிகளில் இகரத்தின் முன் அந்த எழுத்து 'ழ்ஜ' போன்ற மென்மையான ஒலி தரும். ராபர்ட் ஓர்ம் போன்ற ஆங்கில வரலாற்றாசிரியர்கள் அதே எழுத்தைக் கையாள, பின்னால் வந்தவர்கள் அதை ஆங்கில முறையில் படிக்க, செஞ்சி 'ஜிஞ்சி' ஆயிற்று. மராத்தியும் இந்தியும் இன்று எழுதும் 'ஜிஞ்ஜி' அந்த ஆங்கில வடிவை ஒட்டி ஒலிப்பது. பேருந்து இளைஞர்களின் 'கிங்கீ'யோ, அதே எழுத்தை வன்மையாகப் படித்த கடைசித் திருப்பம். ஆங்கிலத்தில் நல்லெண்ணெய்க்கு வழங்கும் 'ஜிஞ்சிலி' என்ற சொல்லையும் செஞ்சியோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. அது எள்ளைக் குறிக்கும் 'ஜுல்ஜுலான்' என்ற அரபிச் சொல்லின் வழி வந்தது. செஞ்சியில் செக்குகள் ஓடியிருக்கலாம், சொல் இங்கே ஆட்டப்பட்டதன்று.

பெயரை வளைப்பதில் நாமும் சளைத்தவர்கள் அல்லர். ஔரங்கசீப் கோட்டைக்குக் கில்லேதாராக அமர்த்திய புந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங். அவர் மகன் தேஜ் சிங். தந்தை இறந்தபின் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பணிய மறுத்து, சிறு படையுடன் பொருது 1714-இல் இறந்த அந்த இளைஞனை, தமிழ்நாடு 'தேசிங்கு ராஜன்' ஆக்கிக்கொண்டது. அவனுக்கு ஒரு நீலவேணிக் குதிரையும், மகமத்கான் என்ற உயிர்த்தோழனும், தெருப்பாடகர் வாயில் ஒரு நெடுங்கதையும் கொடுத்தது. தெலுங்கரும் அவன் கதையைப் பாடினர். தேஜ் சிங் என்றால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. தேசிங்கு என்றால் தெரியாதவர் இல்லை. கோட்டையை ஆண்டவர் பலர், ஆனால் செஞ்சி என்றதும் நம் மக்கள் நினைப்பது சில மாதமே ஆண்டு தோற்றுப்போன அந்த வடநாட்டுப் பையனைத்தான்.

பிறகு 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர், 1780-இல் ஹைதர் அலி என்று கைமாறியது கோட்டை. அப்போது பெயரில் யாரும் கை வைக்கவில்லை. கற்களில்தான் வைத்தார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் வேலைப்பாடுமிக்க கற்றூண்கள் செஞ்சியிலிருந்து போனவை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் போர்நிலக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது செஞ்சி. மகிழ்ச்சியோடு ஒரு சச்சரவும் வந்தது. மராட்டியக் கோட்டை என்பதா, கோனார் கோட்டை என்பதா, சோழநாட்டுக் காடவர் கோட்டை என்பதா என்று மேடைகளிலும் இணையத்திலும் வாதங்கள் எழுந்தன. அந்த வாதங்களில் சொல்லாராய்ச்சியும் ஆயுதமாயிற்று. செஞ்சி என்பது தூய தமிழ் என்று ஒருவர் நிறுவினால், வடமொழி என்று இன்னொருவர் நிறுவுகிறார். எங்கள் 'செம் இஞ்சி' கட்டுரை அச்சில் வந்திருந்தால் அந்தக் களத்தில் அதுவும் ஒரு வேலாகப் பாய்ந்திருக்கும், கேட்பதற்கு அவ்வளவு நன்றாக இருந்தது அது. கோட்டையில் மராட்டியர் எட்டாண்டு தலைநகர் நடத்தியதும் உண்மை, அதற்கு ஐந்நூறு ஆண்டு முன்பே அங்கு மதில் இருந்ததும் உண்மை. இவற்றுக்குச் சான்று உலாவும் ஏடுகளும் கல்லும். ஊர்ப்பெயரின் மூன்றெழுத்தைப் பிய்த்துப் பார்த்து அதில் கோட்டைக்குப் பட்டா தேடினால் கிடைக்காது.

அன்று மாலை இறங்கி வருகையில் ஆசிரியர், மேற்கு மலைகளில் பிறந்து செஞ்சி வழியே போகும் சங்கராபரணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். வராகநதி என்பது அதற்கு இன்னொரு பெயர். புராணமும் வடமொழியும் தந்த இந்த இரு பெயர்களோடு, புதுச்சேரியை ஒட்டிய கரையோர ஊர்களில் அதற்குச் செஞ்சியாறு என்றும் பெயர். கோட்டையையே பார்த்திராத உழவர்களும் மீனவர்களும் அந்தச் சொல்லைக் கடல்வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

திருவள்ளூர்ப் பக்கத்துச் செஞ்சியில் எந்த ஆறு, என்ன மண், எந்த அம்மன் என்று பார்க்க வேண்டும். அடுத்த பயணம் அங்கேதான். இம்முறை பாதிக் கட்டுரையை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகக் கூடாது என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.